பல்லேபொலவுக்கு விற்ற இயந்திரம்

மாத்தளை நகரில் மின்சாதனங்கள் விற்கும் ஒரு கடையில் நான் வேலைக்குச் சேர்ந்தபோது எனக்கு இரண்டு மொழிகள் தெரியும். விற்கப்போகும் பொருட்களைப் பற்றி ஒன்றும் தெரியாது. ரத்தோட்டைக்கு மேலே, ரிவர்ஸ்டன் போகிற பாதையில் உள்ள ஒரு தேயிலைத் தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவள் நான். எங்கள் லயத்து அறையில் இருந்ததெல்லாம் ஒரு பல்பும் ஒரு ரேடியோவும்தான். என்னைக் கொண்டுபோய் ஆளுயர ஃபிரிட்ஜ்களுக்கு நடுவில் நிறுத்தி, கழுத்தில் ஒரு அட்டையை மாட்டி, வருகிறவர்களிடம் பேசச் சொன்னார்கள்.

எங்கள் மனேஜர் சிங்களவர். தமிழ் விளங்கும், பேச வராது. அவரைக் கெட்ட மனிதர் என்று ஒரே சொல்லில் ஒதுக்கிவிட முடியுமானால் இதை எழுதுவது எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். என் அம்மா ஆஸ்பத்திரியில் கிடந்த நாட்களில், நான் கேட்பதற்கு முன்னாலேயே லீவு தந்தவர் அவர். கடையில் யாரையும் அவர் சத்தம் போட்டு நான் கேட்டதில்லை. பிழை விட்டவனைத் தனியாகக் கூப்பிட்டு, பிளேன்டீ வாங்கிக் கொடுத்துத்தான் கண்டிப்பார். தலைமை என்றால் என்ன என்று அந்த நாட்களில் யாராவது என்னைக் கேட்டிருந்தால் அவரைத்தான் காட்டியிருப்பேன்.

சேர்ந்த முதல் வாரம் ஒரு தோட்டத்துக் குடும்பம் வாசலில் வந்து நின்றது. உள்ளே பளபளத்த தரையைப் பார்த்துவிட்டு அந்த மனிதர் செருப்பைக் கழற்றினார். அவருடைய மனைவியும் கழற்றினாள். நான் ஓடிப்போய், "செருப்போடயே வாங்கண்ணே, இது கோயிலா, கடைதானே" என்றேன். இருவரும் சிரித்துவிட்டார்கள். ரைஸ் குக்கர் வாங்க வந்தவர்கள் அன்று ஒரு டீவியும் வாங்கிக்கொண்டு போனார்கள். மாலையில் மனேஜர் எல்லோரையும் கூப்பிட்டு நான் செய்ததைச் சொல்லிப் பாராட்டினார். தமிழ் ஆட்கள் வாசலுக்கு வந்தால் என்னைத்தான் அனுப்ப வேண்டும் என்று அன்றோடு ஒரு ஒழுங்கு வந்தது. வாயில் வந்ததைச் சொல்லியிருந்தேன். அது கடையின் உத்தியாகிவிட்டது. நானும் கொஞ்ச நாளில், யாராவது செருப்பைக் கழற்றுவார்களா என்று வாசலைப் பார்த்தபடி நிற்கத் தொடங்கினேன்.

பிறகு கண்டியில் ஒரு ஹோட்டலில் எங்களுக்குப் பயிற்சி வைத்தார்கள். வாடிக்கையாளரிடம் 'இல்லை' என்று சொல்லக்கூடாது, 'பார்க்கிறேன்' என்று சொல்ல வேண்டும். மன்னிப்புக் கேட்கலாம், ஆனால் பிழை எங்களுடையது என்று சொல்லக்கூடாது. கோபமாக வருகிறவரை முதலில் உட்கார வைக்க வேண்டும். உட்கார்ந்தவரின் குரல் தானாக இறங்கிவிடும். இவற்றையெல்லாம் ஒரு கொப்பியில் அழகாக எழுதி வைத்திருந்தேன். எல்லாம் பலித்தன. சொன்னபடியே ஆட்கள் உட்கார்ந்தார்கள், குரலை இறக்கினார்கள், எனக்கு நன்றியும் சொல்லிவிட்டுப் போனார்கள்.

எரிபொருள் வரிசைகள் முடிந்து, வெளிநாட்டுப் பொருட்கள் மறுபடியும் கடைகளுக்கு வரத் தொடங்கிய காலத்தில் எங்களுக்கு ஒரு தொகுதி அரைக்கும் மிஷின்கள் வந்தன. கொச்சிக்காய், மல்லி, மிளகு எல்லாம் தூளாக்கக்கூடிய சின்ன மிஷின். வீட்டுக் கரண்டிலேயே ஓடும். மாத்தளையில் மிளகு இல்லாத தோட்டம் குறைவு. தூளாக்கிப் பைக்கற்றில் போட்டு விற்றால் ஒரு குடும்பம் நிமிர்ந்துவிடும் என்று பேசச் சொன்னார்கள். பேசினேன். நானும் அதை நம்பித்தான் பேசினேன், முதலில்.

அதைக் கேட்டுக்கொண்டு நின்றவர்களில் ஒருவர் பல்லேபொலவிலிருந்து வந்த ஒரு முஸ்லிம் பெண். நாற்பத்தைந்து வயதிருக்கும். கணவர் இறந்து சில வருடங்கள். இரண்டு பெண் பிள்ளைகள் படித்துக்கொண்டிருந்தார்கள். அவரை நான் ராத்தா என்று கூப்பிட்டேன், அவர் என்னைத் தங்கச்சி என்றார். மூன்று தடவை வந்து அந்த மிஷினைத் தொட்டுத் தொட்டுப் பார்த்துவிட்டுப் போனார். மூன்றாம் தடவை கேட்டார்:

"தங்கச்சி, என்ட நானா சொல்றாரு, பொம்புளைக்கு மிஷின் எல்லாம் சரிவராதுன்டு. ரெண்டு மாசத்துல ஒடச்சிப் போட்டுடுவேனாம். நீங்க சொல்லுங்க, எனக்கு ஏலுமா?"

நானா என்பது அவருடைய அண்ணன். சந்தியில் பலசரக்குக் கடை வைத்திருந்தவர். நான் சொன்னேன், "ராத்தா, நானே ஓட்டுறேன். எனக்கு ஏலும்னா உங்களுக்கு ஏலாதா?" கடை நடுவில் மிஷினைப் போட்டு ஒரு பிடி மல்லியை அரைத்துக் காட்டினேன். அடுத்த கிழமை அவர் கைவளையல் இரண்டையும் விற்றுவிட்டு வந்து மிஷினை எடுத்துக்கொண்டு போனார்.

பொருத்திக் கொடுப்பதற்கு நானும் போனேன். அப்படிப் போவது எங்கள் கடையின் சேவைகளில் ஒன்று. வீட்டுக்குப் பின்னால் மிளகுக் கொடி ஏறிய மரங்கள், ஒரு பக்கத்தில் கராம்பு, மிஷினுக்கென்று தனியாகச் சுத்தம் செய்து வைத்திருந்த ஒரு சின்ன அறை. முதல் தூள் விழுந்தபோது ராத்தா அதை உள்ளங்கையில் எடுத்து முகர்ந்துவிட்டு, மகள்மார் இரண்டு பேருடைய மூக்குக்கும் நீட்டினார். எல்லோரும் தும்மினோம். மத்தியானம் சோறு போட்டார். கோழிக் கறியும் பலாக்கொட்டைச் சம்பலும். என்னைப் பார்த்து, "நீங்க எங்கட ஆள் மாதிரி" என்றார்.

திரும்பி வந்து மனேஜரிடம் இதையெல்லாம் சந்தோஷமாகச் சொன்னேன். அவர் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, "அந்தப் பெண் படம் எடுக்கச் சம்மதிப்பாளா?" என்றார். நான் கேட்டால் சம்மதிப்பார் என்று எனக்குத் தெரியும். கேட்டேன். முக்காட்டைச் சரிசெய்துகொண்டு, கையில் ஒரு தூள் பைக்கற்றைப் பிடித்துக்கொண்டு மிஷினுக்குப் பக்கத்தில் நின்றார். பஸ் நிலையத்துக்குப் போகும் பாதையைப் பார்த்தபடி எங்கள் கடை முகப்பில் அந்தப் படம் ஆளுயர பேனராகத் தொங்கியது. 'என் காலில் நான் நிற்கிறேன்' என்று மூன்று மொழிகளில் எழுதியிருந்தார்கள். அப்படி அவர் எங்கேயும் சொல்லவில்லை. எழுதியது நான்தான்.

ஆறாவது கிழமை மிஷின் நின்றது.

முதலில் சூடானது, பிறகு புகைந்தது, பிறகு ஓடவேயில்லை. ராத்தா அதைத் திரீவீலில் ஏற்றிக் கடைக்குக் கொண்டுவந்தார். வரும்போதே முகம் கறுத்திருந்தது. நான் அவரை உட்கார வைத்தேன். தண்ணீர் கொடுத்தேன். "கரைச்சல் குடுத்ததுக்கு மன்னிச்சுக்கோங்க ராத்தா, பாக்கச் சொல்றேன்" என்றேன். எவ்வளவு சரியாகச் செய்தேன் என்று இப்போது நினைத்தாலும் உடம்பு கூசுகிறது.

எங்களுக்கு ஒரு டெக்னீஷியன் இருந்தார். யாழ்ப்பாணத்துக்காரர், கண்டியில் குடியிருந்தார். கிழமைக்கு இரண்டு நாள் வருவார். அவர் மோட்டாரைக் கழற்றி என்னைக் கூப்பிட்டுக் காட்டினார்.

"இஞ்ச பாருங்கோ. செம்புக் கம்பி எண்டு பெட்டியில எழுதியிருக்கு. உள்ளுக்க சுத்தியிருக்கிறது அலுமினியம். இது தாங்காது. அவவின்ர பிழை ஒண்டுமில்லை. இந்தமுறை வந்த எல்லாம் உப்பிடித்தான்."

இதை நான் அப்படியே மனேஜரிடம் சொன்னேன். அவர் தலைமை அலுவலகத்துக்கு எழுதினார். பத்து நாட்களில் பதில் வந்தது. திரும்பி வரும் மிஷின்கள் எல்லாவற்றுக்கும், ஈரமான சரக்கை அரைத்ததால் பழுதானது என்று அறிக்கை போட வேண்டும். அப்படிப் பழுதானால் வாரண்டி செல்லாது. மனேஜர் அந்தக் கடிதத்தை என்னிடம் காட்டிவிட்டு மேசை இழுப்பறைக்குள் வைத்துப் பூட்டினார்.

அந்த நாட்களில் ராத்தா ஒவ்வொரு புதன்கிழமையும் பஸ் ஏறி வந்தார். கத்தியதில்லை. எனக்கு முன்னால் இருந்த கதிரையில் உட்கார்ந்து, "இன்னும் சரிவரல்லயா தங்கச்சி?" என்று கேட்பார். "சொல்லியிருக்கோம் ராத்தா, பாத்துக்கிட்டு இருக்காங்க" என்பேன். கடைக்கு வருகிறவர்கள் சிலர் அவரை அடையாளம் கண்டுகொண்டார்கள். வெளியில் தொங்குகிற படத்தில் இருப்பவர் இவர்தானே. ஒருநாள் உக்குவளையிலிருந்து வந்த ஒரு பெண் அவரிடமே நேராகக் கேட்டாள், மிஷின் நல்லதா என்று. ராத்தா என்னைத் திரும்பிப் பார்த்தார். பிறகு சிங்களத்தில் மெதுவாகச் சொன்னார்: "என்னுடையது நின்றுவிட்டது. உள்ளே கிடக்கிறது."

அந்தப் பெண் வாங்காமல் போனாள். மனேஜர் கண்ணாடித் தடுப்புக்குப் பின்னாலிருந்து இதைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அன்று பின்னேரம் என்னைக் கூப்பிட்டார். பிளேன்டீ வந்தது. "இதை முடிக்க வேண்டும்" என்றார். அறிக்கையில் டெக்னீஷியன் கையெழுத்து வைக்க மறுத்திருந்தார். தன்னுடைய இருபது வருட அனுபவத்தையும் தன்னுடைய பெட்டியையும் எடுத்துக்கொண்டு அந்த மனிதர் போய்விட்டார். அதற்குப் பிறகு கடையில் அவரைப் பற்றிப் பேச்சே வரவில்லை. "கடையில் பொறுப்பானவர் ஒருவர் கையெழுத்து வைத்தாலும் போதும்" என்றார் மனேஜர். "உங்களை உதவி மனேஜராகப் போடும்படி நான் எழுதியிருக்கிறேன். தலைமைப் பொறுப்பு என்றால் கஷ்டமான கையெழுத்துகளும் வரும்."

அவர் என்னை மிரட்டவில்லை. யோசித்துச் சொல்லுங்கள் என்றுகூடச் சொன்னார். அதிகம் யோசிக்காமல் அங்கேயே வைத்தேன். அம்மாவின் மருந்து, தம்பியின் படிப்பு என்று காரணங்கள் இருந்தன. ஆனால் கையெழுத்து வைத்த நேரத்தில் அதெல்லாம் மனதில் இருந்ததா என்று கேட்டால், இல்லை. கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கத்தில் ஒரு மேசை. அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அறிக்கையின் பிரதியை ராத்தாவிடம் கொடுத்தபோது அவர் அதை வாசித்துவிட்டு மடித்துப் பையில் வைத்தார். யாரோ சொல்லி மத்தியஸ்த சபைக்கு முறைப்பாடு கொடுத்தார். ஒரு ஞாயிற்றுக்கிழமை, பள்ளிக்கூட வகுப்பறை ஒன்றில் அது கூடியது. பிள்ளைகளின் வாங்குகளில் நாங்கள் உட்கார்ந்தோம். எங்கள் பக்கம் மனேஜரும் நானும். ராத்தா தனியாக வந்திருந்தார். அண்ணன் வர மறுத்துவிட்டாராம்.

மூன்று பேர் விசாரித்தார்கள். நடுவில் இருந்தவர், ஓய்வுபெற்ற ஆசிரியர், என்னிடம் தமிழில் கேட்டார்: "மகள், மோட்டாரக் கழட்டினத நீங்க கண்ணால பாத்தீங்களா?"

"பாத்தேன் ஐயா."

"இந்த அறிக்கையில இருக்கிறது சரிதானா?"

"சரி."

பார்த்தேன் என்றது பொய்யில்லை. நான் பார்த்தது அலுமினியத்தை.

அவர் ராத்தாவின் பக்கம் திரும்பி, நீங்கள் என்ன சொல்கிறீர்கள் என்று கேட்டார். ஒத்துப்போகாவிட்டால் மேலே போவதற்கு வழி இருக்கிறது என்றும் விளக்கினார். ராத்தா எழுந்து நின்றார். என்னைத் திட்டப்போகிறார் என்று நினைத்தேன். திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன், அதற்குப் பயிற்சி எடுத்திருந்தேன்.

"இந்தத் தங்கச்சி பொய் சொல்ற ஆளில்ல" என்றார் அவர். "என்ட வீட்டுல வந்து சோறு தின்ட புள்ள. அது பாத்ததுன்டு சொன்னா சரியாத்தான் ஈக்கும். நான்தான் கொச்சிக்காய சரியாக் காய வெக்காமப் போட்டீக்கிறேன் போல. எனக்கு இனிச் சொல்ல ஒன்டுமில்ல."

எழுத வேண்டியதை எழுதி, கையெழுத்து வாங்கி, அரை மணித்தியாலத்தில் முடித்துவிட்டார்கள். வெளியில் வந்ததும் மனேஜர், நல்லெண்ணத்துக்காக என்று ஒரு இஸ்திரிப் பெட்டியை அவரிடம் நீட்டினார். முன்னாலேயே காரில் கொண்டுவந்திருந்தார். ராத்தா அதை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார். பிறகு என் பக்கத்தில் வந்து, "உங்களயும் ஞாயித்துக்கிழமையில அலைக்கழிச்சிட்டேன் தங்கச்சி, மனசுல வெச்சிக்கொள்ளாதீங்க" என்றார்.

அடுத்த மாதம் நான் உதவி மனேஜர் ஆனேன். புதிதாகச் சேர்ந்தவர்களுக்குப் பயிற்சி கொடுப்பதும் என் வேலையானது. நம்பிக்கையைக் கட்டியெழுப்புவது எப்படி என்று ஒரு மணித்தியாலம் பேசுவேன். வீட்டுக்குப் போய் மிஷின் பொருத்திக் கொடுத்த கதையை உதாரணமாகச் சொல்வேன். வாடிக்கையாளர் நம்மை நம்பிவிட்டால் பொருள் பழுதானாலும் நம்மை விட்டுப் போகமாட்டார் என்று சொல்லி முடிப்பேன். எல்லோரும் எழுதிக்கொள்வார்கள்.

ஒரு வருடம் அப்படிப் போனது. மனேஜர் லீவில் இருந்த ஒரு நாள், ஒரு பத்திரத்தைத் தேடி அவருடைய கோப்புகளைப் புரட்டியபோது ஒரு கடிதம் கையில் அகப்பட்டது. அதே மிஷின்கள் பற்றியது. கொழும்பில் சட்டத்தரணி மூலம் கடிதம் அனுப்பியவர்களுக்கு மட்டும், பேச்சு வெளியே வராமல், வேறு மிஷின் கொடுத்திருந்தார்கள். எங்கள் கடைக்கும் அதன் பிரதி வந்திருந்தது. வந்தது மத்தியஸ்த சபை கூடுவதற்கு முன்னர்.

அந்த ஞாயிற்றுக்கிழமை பஸ் ஏறிப் பல்லேபொலவுக்குப் போனேன். ராத்தா வீட்டில் இல்லை. மூத்த மகள், உம்மா வேலைக்குப் போயிருக்கிறார் என்று வழி காட்டினாள். ஒரு வியாபாரியின் கொட்டிலில், வேறு சில பெண்களோடு தரையில் உட்கார்ந்து, கல்லும் காம்பும் நீக்கி மிளகு தெரிந்துகொண்டிருந்தார். நாள் சம்பளம். என்னைக் கண்டதும் முகம் மலர்ந்தது. வெளியில் கூட்டிக்கொண்டு போய் எல்லாவற்றையும் சொன்னேன். அலுமினியம், டெக்னீஷியன், என் கையெழுத்து, கொழும்புக் கடிதம். சொல்லிக்கொண்டிருக்கும்போதே அவருடைய முகம் கொஞ்சம் கொஞ்சமாக மூடிக்கொண்டது.

"அப்ப நான் ஈரத்தோட போடல்ல" என்றார்.

"இல்ல ராத்தா."

"எனக்குத் தெரியும், நான் நல்லாக் காயவெச்சித்தான் போட்டேன். நீங்க சொன்னதுக்காகத்தான், என்ட கையையே நான் நம்பாம விட்டேன்."

நான் அழுதேன். அவர் அழவில்லை. மிளகுத் தூசி படிந்த கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு, "வாங்க" என்று முன்னால் நடந்தார். சந்தியிலிருந்த அண்ணனின் கடைக்குத்தான் போனார். "இத நானாட்ட சொல்லுங்க. ஊருல எல்லாம், நான் ஒடச்சிப்போட்டேன்டு சொல்லித் திரியிறது அவருதான்."

சொன்னேன். அந்த மனிதர் சீனி நிறுத்துக்கொண்டே கேட்டார். கேட்டு முடித்துவிட்டு, "அது முடிஞ்ச கத தானே. வளையலும் போச்சி, மிஷினும் போச்சி. யார்ட பிழையா இருந்தா என்ன இப்ப" என்றார். பிறகு என்னைப் பார்த்து மரியாதையாக, "உங்கட கடையில எடுத்த டீவி நல்லா ஓடுது மிஸ்" என்றும் சொன்னார்.

ராத்தா பஸ் நிற்கும் இடம்வரைக்கும் என்னோடு வந்தார். இனிமேல் வீட்டுப் பக்கம் வர வேண்டாம் என்று சாதாரணமாகச் சொல்லிவிட்டு, பஸ் வருவதற்கு முன்னரே கொட்டிலுக்குத் திரும்பிப் போனார்.

திங்கட்கிழமை மனேஜரிடம் நானே போய்ச் சொன்னேன். வேலை போய்விடும் என்ற எண்ணத்தோடுதான் போனேன். அவர் பொறுமையாகக் கேட்டார். ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"ஏதாவது எழுதிக் கொடுத்தீர்களா?"

"இல்லை சேர்."

"அப்படியென்றால் சரி" என்றார். "மனதில் பாரம் இருந்தால் போய்ச் சொல்லத்தான் வேண்டும். நானும் அப்படிச் செய்திருக்கிறேன்." கோப்பை எடுத்துத் தன் வேலையைப் பார்க்கத் தொடங்கினார்.

என்னுடைய மேசைக்கு வந்து உட்கார்ந்தேன். எனக்கு வந்தது வெட்கமில்லை. பெரிய ஆறுதல். அன்று மத்தியானம் நன்றாகப் பசித்துச் சாப்பிட்டேன்.

இப்போது இதே மாவட்டத்தில் வேறொரு கிளைக்கு நான்தான் மனேஜர். பணியாளர்கள் என்னை நல்லவர் என்று சொல்கிறார்கள். யாரையும் நான் சத்தம் போடுவதில்லை. ராத்தா இன்னும் மிளகு தெரிகிறாரா, மகள்மார் என்ன ஆனார்கள் என்று எனக்குத் தெரியாது. இத்தனையும் எழுதிய பிறகு திருப்பி வாசித்துப் பார்த்தேன். அவருடைய பெயரை எழுதவில்லை. கடையின் பெயரையும் எழுதவில்லை. என் பெயரையும் எழுதாமல்தான் பத்திரிகைக்கு அனுப்புகிறேன். அதையும் அந்தக் கடையில்தான் படித்தேன்.